சர் அருணாசலமும் தோட்டத்துக் கிராணிகளும்

சென்ற செப்டம்பர் மாதத்தில் அண்டைப் பட்டணத்துச் சங்கமொன்றில் சர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் பிறந்தநாட் கூட்டம் நடைபெற்றது. நாமும் அழைக்கப்பட்டுச் சென்றிருந்தோம். மேடையிலே மாலையணிந்த படம். படத்தின் கீழே "சர்" என்னும் எழுத்துக்கள் அவர் பெயரினும் பெரியனவாகத் தீட்டப்பட்டிருந்தன. பேசிய கனவான்கள் நால்வர். நால்வரும் பேசிய பேச்சு ஒன்றே. பெரிய குடும்பத்தில் பிறந்தார், கேம்பிரிட்ஜில் படித்தார், பாரிஸ்டரானார், சிவில் சர்விஸ் பரீட்சையில் தேறினார், பெரிய உத்தியோகம் பார்த்தார், பட்டம் பெற்றார். இந்த ஆறு படிகளையும் ஏறி இறங்கி ஒன்றரை மணி நேரம் கழிந்தது.

கூட்டம் முடியுந் தறுவாயில் பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்தார். நாற்பது வருஷம் பால் மரம் வெட்டிய கை அவருடையது. "ஐயா, இவ்வளவு படித்த பெரிய மனுஷர், தோட்டத்துச் சனங்களுக்கு ஏதாவது செய்தாருங்களா?" என்று கேட்டார். தலைவர் சிரித்துக்கொண்டே, "பெரியவரே, அவர் கவர்ன்மெண்டு உத்தியோகஸ்தர், தோட்டத்து விஷயத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டு, வந்தனோபசாரம் கூறும்படி காரியதரிசியை அழைத்தார். முதியவர் உட்கார்ந்துவிட்டார். நாமும் வாய் திறக்கவில்லை. திறப்பதற்கு நம்மிடம் விடை இல்லை என்பதே உண்மை. ஆங்கிலப் பள்ளியிலே பதினோராண்டு கற்ற நமக்கு ஆங்கில நாட்டு அரசர்களின் வரிசை மனப்பாடம். அருணாசலத்தைப் பற்றியோ அச்சங்கத் தலைவர் அறிந்த அளவே அறிந்திருந்தோம்.

அன்றிரவு தொடங்கித் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க வெட்கமும் சினமும் ஒருங்கே எழுந்தன. தலைவர் சொன்ன விடை தவறானது மாத்திரமன்று. அருணாசலத்தின் வாழ்க்கையிலே எது சாரமோ அதைத் தள்ளிச் சக்கையை மேடையில் வைத்துப் பூசித்த விடை அது. அம்முதியவருக்கு நாம் கடன்பட்ட பதிலை இங்கு எழுதுகிறோம். எழுதுங்கால் நமது சொந்த வர்க்கமாகிய கிராணிமாரைப் பற்றியும் சில கசப்பான வார்த்தைகள் வரும். மருந்து கசக்குமென்று கோபிப்பாரில்லை.

உத்தியோகஸ்தரின் கதை

கனவான்கள் சொன்ன ஆறு படிகளும் மெய்யே. அவற்றைச் சுருக்கமாகவே சொல்லிக் கடப்போம். அருணாசலம் 1853-ஆம் வருஷம் செப்டம்பர் 14-ஆம் தேதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார். தாய்மாமன் சர் முத்துக்குமாரசுவாமி. தமையனார் சர் ராமநாதன். அந்நாளில் கொழும்பு அகாடமி என வழங்கிய ராயல் கல்லூரியிற் கற்று, உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குச் சென்றார். லிங்கன்ஸ் இன்னில் சட்டம் பயின்று பாரிஸ்டரானார். 1875-ல் போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைச் சிவில் சர்விஸில் நுழைந்தார். அவ்வழியே அந்த உத்தியோகத்தை அடைந்த முதல் இலங்கையர் அவர்தாம்.

துரைமார் அவருக்குக் கதவைத் திறந்தனரேயன்றி நடுக்கூடத்தில் ஆசனம் போடவில்லை. மாகாண நிர்வாகத்தைத் தங்கள் இனத்தாருக்கென வைத்துக்கொண்டு, சுதேசிகளை நீதி ஸ்தலங்களுக்கு அனுப்புவது அக்கால வழக்கம். ஆகவே அருணாசலம் மாஜிஸ்திரேட்டாகவும் மாவட்ட நீதிபதியாகவும் ஊர் ஊராக மாறினார். பின்னர் ரிஜிஸ்திரார் ஜெனரல் என்னும் பதிவு இலாகாத் தலைமை கிடைத்தது. பிறப்பு, இறப்பு, விவாகம், நிலம் ஆகிய எல்லாப் பதிவேடுகளும் அவர் கைக்கு வந்தன. 1901-ஆம் வருஷத்துக் குடிசன மதிப்பை நடத்தி, அதன் அறிக்கையையும் அவரே எழுதினார். இலங்கையின் சிவில் சட்டத்தைத் தொகுத்து 1910-ல் நூலாக வெளியிட்டார். 1912-ல் நிர்வாக சபையில் இடம் பெற்று, 1913-ல் இளைப்பாறினார். 1914-ல் "சர்" பட்டம் வந்தது.

முப்பத்தெட்டு வருஷத்து உத்தியோகம் இவ்வளவே. அருணாசலம் இந்த இடத்தில் நின்றிருப்பாரானால், திறமை மிக்க சர்க்கார் ஊழியர் என்ற அளவில் அவர் கதை முடிந்திருக்கும். அத்தகையோர் பிரிட்டிஷ் ஆட்சியில் பலர் இருந்தனர். அவர்களுக்குப் பென்ஷனும் படமும் போதும், கட்டுரை வேண்டுவதில்லை.

ஒன்றை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். அருணாசலம் நாட்டைப் பதிவேட்டின் வழியே கண்டவர். 1901-ஆம் வருஷக் கணக்கின்படி இலங்கையின் மக்கள் ஏறக்குறைய 35 லட்சத்து 66 ஆயிரம் பேர். அவர்களுள் தோட்டங்களில் இருந்தோர் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர். அந்த நான்கு லட்சத்தை ஏட்டில் ஏற்றியவர் அவர். நாமும் ஏட்டில் ஏற்றுகிறவர்களே. ஒவ்வொரு நாளும் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, செக்ரோலில் கோடு போட்டு, மாத முடிவில் கூட்டிப் பார்க்கிறோம். எண்ணுகிறவனுக்கு இரண்டு வழி உண்டு. எண்ணப்பட்டோரை எண்ணாகவே பார்த்து ஏட்டை மூடிவிடலாம். அல்லது ஏட்டை மூடிய பின்னும் அவர்களை மறவாதிருக்கலாம். அருணாசலம் இரண்டாவது வழியைப் பற்றினார்.

துண்டு என்னும் விலங்கு

அக்காலத்து இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளியைக் கட்டி வைத்த விலங்குகள் இரண்டு. இவற்றை விளங்கச் சொல்லாமல் அருணாசலத்தின் தொண்டை மதிப்பிட முடியாது. ஆதலால் சற்றே விரித்துரைப்போம்.

முதலாவது சிறைச் சட்டம். 1865-ஆம் வருஷத்து 11-ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவிப்புக் கொடாமல் வேலையை விட்டுப் போன கூலியாளைக் கோர்ட்டில் நிறுத்திச் சிறைக்கு அனுப்பலாம். வேலைக்கு மறுத்தலும் கீழ்ப்படியாமையும் அவ்வாறே தண்டனைக்குரியன. ஒப்பந்தத்தை மீறுதல் சிவில் வழக்கு என்பது சட்டம் படித்த யாவரும் அறிந்த பாலபாடம். வியாபாரி சொன்ன நாளில் சரக்கு அனுப்பாவிடில் நஷ்டஈடு கேட்பரேயன்றி அவனைச் சிறையில் இடார். தோட்டத்துத் தமிழனுக்கு மட்டும் அதே மீறுதல் திருட்டுக்கு நிகரான குற்றமாயிற்று. துரை வார்த்தை தவறினால் வழக்கு. கூலியாள் வார்த்தை தவறினால் விலங்கு!

இரண்டாவது துண்டு. தென்னிந்தியக் கிராமத்தினின்றும் கங்காணியின் பின்னே புறப்பட்டவன், இலங்கை மண்ணை மிதிக்கும்போதே கடனாளியாக மிதித்தான். வழிச்செலவு, அரிசி, கம்பளி, கையில் கொடுத்த முன்பணம் எல்லாம் அவன் பேரில் ஏறின. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரையிடம் ஒரு துண்டுக் கடிதம் வாங்கவேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவனை விடுவிக்கச் சம்மதம் என்பதே அக்கடிதத்தின் பொருள். புதிய தோட்டத்தார் அத்தொகையைக் கட்டினால், கடன் தீர்ந்ததென்று எண்ணவேண்டா; அது அப்படியே புதிய கணக்கில் ஏறிற்று. ஆள் மாறுவான், தோட்டம் மாறும், கடன் மட்டும் மாறாது. உழைக்கிறவனுடைய விலை ஒரு காகிதத் துண்டில் எழுதப்பட்டுக் கைமாறியது. சந்தையில் மாட்டுக்கும் இதைத்தானே செய்கிறோம்? மாட்டுக்கு எழுதிக் கொடுப்பதில்லை, அதொன்றே பேதம்.

துண்டை எழுதியவர் துரை என்பது ஏட்டுச் சுரைக்காய். தொகையைக் கூட்டியவன், கணக்கைத் தீட்டியவன், கையெழுத்துக்கு நீட்டியவன் ஆபீசில் உட்கார்ந்திருந்த நமது முன்னோனாகிய கிராணியே. இதை மறைப்பதால் நமக்குப் பெருமை வராது.

அருணாசலம் இளமையில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். இச்சட்டத்தை நடத்தும் ஆசனம் அது. கூண்டில் நிற்கும் கூலியாள் எத்தகையவன், அவனுக்காகப் பேச எவர் வருவர் என்பது அவ்வாசனத்திலிருந்தோருக்குத் தெரியாத விஷயமன்று. பிற்காலத்தில் இச்சட்டத்தை அவர் எதிர்த்தது கேள்வி ஞானத்தால் அன்று.

பென்ஷன் வாங்கிய பின்

அறுபது வயதில் இளைப்பாறிய மனிதர் யாது செய்வார்? நாம் காண்பது இது: வீட்டைப் புதுப்பிப்பார், மகளுக்கு வரன் பார்ப்பார், கோயில் அறங்காவல் சபையில் தலைமைக்குப் போட்டியிடுவார், நாடு கெட்டுப்போயிற்று என்று திண்ணையிலிருந்து சொல்வார். அருணாசலம் செய்தது வேறு. 1915-ல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கி, கொழும்பு ஏழைகளின் கல்வியையும் சுகத்தையும் கவனித்தார். 1917-ல் நமது அரசியல் தேவைகள் என்னும் பொருள்பற்றிச் சொற்பொழிவாற்றி, அவ்வாண்டிலேயே சீர்திருத்தச் சங்கத்தை நிறுவினார். 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தபோது அதன் முதல் தலைவரானார். இலங்கைக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 முதலே சங்கங் கூட்டி வாதாடினார். அதன் முதற் பயனாகப் பல்கலைக் கல்லூரி 1921-ல் கொழும்பிலே திறக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் மலர்களில் அச்சிடுவோர், இடையிலுள்ள ஒரு தேதியைத் தாண்டிப் போகின்றனர். 1919 ஜூன் 25. காங்கிரசுக்கு ஆறு மாதம் முன்னதாக, அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவினார். சங்கத்தின் காரியதரிசி பெரி சுந்தரம். தோட்டத்துக் கங்காணிக் குடும்பத்தில் பிறந்து, சீமையிலே சட்டம் கற்றுத் திரும்பியவர். கொழும்புக் கனவானும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரு மேஜையில் உட்கார்ந்தனர். அவர்கள் குறி வைத்தது மேற்சொன்ன இரண்டு விலங்குகளையுமே. குடியேற்ற நாட்டு மந்திரிக்கு விண்ணப்பம் எழுதினர், பத்திரிகைகளில் வாதித்தனர். துண்டு முறை 1921-ல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதை ஒட்டியே, வேலையை விட்டதற்குச் சிறை என்னும் விதியும் ஒழிந்தது. பெரி சுந்தரம் 1931-ல் இலங்கையின் முதல் மந்திரி குழுவில் தொழிலாளர், கைத்தொழில், வர்த்தக இலாகா மந்திரியானார்.

இதுவே அம்முதியவருக்கு விடை. செய்தார், பெரியவரே! பட்டமும் பென்ஷனும் கையிலிருக்க, யாதொரு குறையுமின்றிக் காலங் கழித்திருக்கக் கூடியவர், தம் அறுபத்தாறாம் வயதில் தோட்டத்துச் சனங்களுக்காகச் சங்கம் கண்டார்.

மூன்று ஆட்சேபங்கள்

"அருணாசலம் ஒருவரால் இவை ஒழிந்தனவோ?" என்று வினவுவோர் உளர். இல்லை என்பதே நமது பதில். தொழிலாளரை அனுப்பிவந்த இந்தியாவிலே எதிர்ப்பு வலுத்தது. 1922-ல் அங்கே குடிபெயர்வுச் சட்டம் நிறைவேறிற்று. கடன் சுமை தோட்டக்காரருக்கே தொல்லையுமாயிற்று. பல கைகள் தள்ளிய கதவு அது. ஆனால் இலங்கையிலிருந்து தள்ளிய கைகளுள் முதன்மையானது எது என்பதில் ஐயமில்லை. ஒருவரைத் தெய்வமாக்கி வணங்குவது நமது நோக்கமன்று. செய்த வேலையை மறைத்துவிட்டுப் பட்டத்தை வணங்காதீர் என்பதே நாம் சொல்வது.

"அவர் உத்தியோகத்தில் இருந்தபோது வாய் திறந்தாரா?" என்பது இரண்டாவது ஆட்சேபம். இது நியாயமான கேள்வி. முப்பத்தெட்டு வருஷம் சர்க்கார் சம்பளம் வாங்கிய காலத்தில், தோட்டத்துச் சட்டத்தை எதிர்த்துச் சங்கம் கூட்டியவர் அல்லர் அவர். அவருடைய தொழிலாளர் சங்கமும் கோட்டணிந்த கனவான்களின் சங்கமே. லயத்திலிருந்து தலைவர் எழவில்லை. விண்ணப்பம் உண்டு, வேலைநிறுத்தம் இல்லை. இக்குறைகளை ஒப்புக்கொள்வதால் அவர் சிறுமைப்படார். பிந்திப் பேசியவரைக் குறை கூறலாம். ஆனால் யார் கூறுவது? முந்தியும் பேசாமல் பிந்தியும் பேசாமல் சாகிறவர்களா?

மூன்றாவது ஆட்சேபம் அவருடைய கடைசி ஆண்டுகளைப் பற்றியது. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓரிடம் என்று கொடுத்த வாக்கு நிறைவேறாமற் போகவே, தாம் தலைமை தாங்கிய காங்கிரசை 1921-ல் விட்டு விலகினார். 1923-ல் சிலோன் தமிழ் லீக் என்னும் சங்கம் கண்டார். 1924 ஜனவரி 9-ஆம் தேதி, யாத்திரை சென்றிருந்த மதுரையிலே காலமானார். கூட்டங்களிலே சிலர் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு அவரை இனத் தலைவராக உயர்த்துகின்றனர். வேறு சிலர் அதையே பிடித்துக்கொண்டு தாழ்த்துகின்றனர். இரு சாராரும் தோட்டத்தை மறந்தனர் என்பதே நமது குறை. எழுபது வருஷத்து வாழ்க்கையில் ஒரு நாற்காலிச் சண்டை மட்டும் நினைவிலிருப்பது, நாற்காலியையே நினைத்திருப்போரின் நோய்.

ஒரே வீட்டின் இரு வழிகள்

படிப்பு ஒருவனைத் தானாகவே ஏழையின் பக்கம் நிறுத்திவிடும் என்று எண்ணுவோர்க்கு, அருணாசலத்தின் தமையனாரே மறுமொழி. ராமநாதனும் வக்கீல், 1892 முதல் 1906 வரை சொலிசிட்டர் ஜெனரல், அவரும் "சர்". 1915-ஆம் வருஷக் கலகத்தின்போது சிங்களத் தலைவர்களுக்காக அவர் வாதாடிய தைரியத்தை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் எல்லா மக்களுக்கும் வாக்குரிமை என்னும் டொனமூர் ஏற்பாடு வந்தபோது, அப்பெரியவர் அதை எதிர்த்தார். படியாத ஏழைக்கும் பெண்ணுக்கும் தாழ்த்தப்பட்டவனுக்கும் வாக்குக் கூடாது என்ற பக்கத்திலே அவ்வளவு கல்வியும் போய் நின்றது. அவர் 1930-ல் மறைந்தார், அடுத்த ஆண்டே வாக்குரிமை வந்தது, உலகம் கவிழ்ந்துவிடவில்லை.

பின்னர் வந்ததையும் பாருங்கள். 1948-ஆம் வருஷத்து 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையின் தேயிலையை நட்டு வளர்த்த லட்சக்கணக்கான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. புகழ்பெற்ற வக்கீலாகிய ஜி. ஜி. பொன்னம்பலம் அதே வருஷத்தில் அவ்வரசாங்கத்தில் மந்திரிப் பதவி ஏற்றார். மற்றொரு வக்கீலாகிய செல்வநாயகம் அவரைப் பிரிந்து, 1949-ல் வேறு கட்சி கண்டார். தோட்டத் தமிழரின் குடியுரிமைக் குறை முற்றிலும் தீரச் சட்டம் வந்தது 2003-லேயே. அரை நூற்றாண்டுக்கு மேல்! சட்டக் கல்வி ஒன்றுதான். அது வைக்கப்பட்ட மேஜை வேறு வேறு. ஆகையால் பட்டத்தைச் சொல்லி மனிதரை அளக்காதீர். அப்பட்டத்தைக் கொண்டு யாருக்கு வழக்காடினார் என்று கேட்டு அளப்பீர்.

நமது மேஜை

இது நிற்க. இலங்கைக் கதையை மலேயாத் தோட்டத்தில் இருந்துகொண்டு நாம் ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறோம் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு.

இந்நாட்டில் வெள்ளையர் ரயில் பாதை போட்டு, ஆபீசு திறந்து, ரப்பர் நட்டபோது, கணக்கெழுத யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் கற்றோரை அழைத்தனர், மலையாளத்திலிருந்தும் அழைத்தனர். பால் வெட்டத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து அழைத்தனர். ஒரே மொழி பேசுவோர் நடுவே ஒரு மேஜை போடப்பட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் லயம். இந்தப் பக்கம் கிராணி வீடு. அந்தப் பக்கத்துப் பிள்ளை இந்தப் பக்கத்துப் பிள்ளையோடு விளையாடலாகாது. அந்தப் பக்கத்தார் வந்தால் வாசற்படியில் நிற்கவேண்டும். துரைமார் போய் வெகு காலமாயிற்று, மேஜை போகவில்லை. யாழ்ப்பாணத்தார் பெருமைக்கு அருணாசலத்தைச் சொந்தங் கொண்டாடும் நம் சங்கங்கள், அந்த மேஜையைத் தாண்டிப் போன அருணாசலத்தைச் சொந்தங் கொண்டாடுவதில்லை.

இனி நமது சொந்தக் குற்றத்தைச் சொல்வோம். நாம் வேலை பார்த்த தோட்டமொன்றில், ஆபீசு இரும்புப் பெட்டியின் கீழ்த்தட்டிலே வெளிநாட்டுத் தொழிலாளரின் பாஸ்போர்ட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வங்காள தேசத்தார் பெரும்பாலோர், தமிழ்நாட்டார் சிலர். இன்று செம்பனைக் குலை வெட்டுவோர் அவர்களே. 1966-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி, ஒருவருடைய பாஸ்போர்ட்டை மற்றொருவர் உரிய அதிகாரமின்றி வைத்திருத்தல் இந்நாட்டில் குற்றம். நமக்கு அது தெரியும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த நமக்குத் தெரியாதென்று சொன்னால் யார் நம்புவர்? மூன்று வருஷம் அப்பெட்டியின் திறவுகோல் நமது அரைக்கச்சையில் தொங்கிற்று.

ஒரு நாள் மாலை, நாமக்கல் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். தகப்பனார் இறந்துவிட்டதாகச் செய்தி. "அண்ணே, என் புத்தகத்தைக் குடுங்க, காரியத்துக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றான். மானேஜர் வெளியூர் போயிருந்தார். அவர் உத்தரவின்றித் தரமுடியாது என்றோம். பெட்டிக்கும் நமக்கும் நான்கடி தூரம். மானேஜர் திரும்பி, கேட்டு, விசாரித்து, கையெழுத்திட ஐந்து நாள் சென்றது. அவன் ஊர் சேர்ந்தபோது தகப்பனாரின் சாம்பல் ஆற்றோடு போய்விட்டது. பையன் மறுபடி வந்து சேர்ந்தான். வராமல் என் செய்வான்? ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அங்கே வட்டியோடு காத்திருந்தது. அதன் பிறகும் நம்மை அண்ணே என்றே கூப்பிட்டான். அந்தச் சொல் இன்றும் நம்மைச் சுடுகிறது.

துண்டு ஒழிந்து நூறாண்டு ஆயிற்று என்று எழுதினோம். ஒழிந்ததா? புறப்படும்போதே கடன், கடன் தீருமட்டும் போக்கிடமில்லை, போகவிடும் காகிதம் ஆபீசுப் பெட்டியில். பெயர் மாறிற்று; நிறம் மாறிற்று; காகிதம் தடித்தது. மற்றென்ன மாறிற்று?

இன்று அப்பெட்டியின் கீழ்த்தட்டு காலியாக இருக்கிறது. அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில். இதைச் செய்தது நமது மனச்சாட்சி என்று எழுத ஆசையுண்டு, எழுதினால் பொய்யாகும். 2020-ல் அமெரிக்கச் சுங்க இலாகா, கட்டாய வேலையின் குறிகள் காணப்படுவதாகச் சொல்லி, இந்நாட்டுப் பெரிய செம்பனைக் கம்பெனிகள் இரண்டின் எண்ணெயைத் தடுத்து நிறுத்திற்று. நமது தோட்டம் அவற்றைச் சேர்ந்ததன்று. ஆயினும் எண்ணெய் வாங்குவோர் எல்லோரிடமும் கேள்வி கேட்டனர். உடனே பெட்டி திறந்தது. ஒரு பையனின் கண்ணீர் திறவாத பூட்டைச் சரக்கு வாங்குவோன் கடிதம் திறந்தது. இது நமக்கு வெட்கமன்றி வேறென்ன?

கிராணிகளுக்கு ஒரு வார்த்தை

"அருணாசலம் பெரிய மனிதர், பென்ஷன் இருந்தது, பேசினார். நாம் சம்பளக்காரர், பேசினால் சோறு போகும்" என்று தோழர்கள் சொல்வர். பயம் மெய்யே, அதை நாம் பரிகசிக்க மாட்டோம். ஆனால் நாம் கேட்பது சங்கம் கூட்டும்படி அன்று. சர்க்காருக்கு விண்ணப்பம் எழுதும்படியும் அன்று. மாதந்தோறும் தொழிலாளி கையில் கொடுக்கும் சம்பளச் சீட்டை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். எந்தப் பிடித்தம் எதற்கு என்று அவன் கேட்குமுன் சொல்லுங்கள். உழைத்த மணியை உழைத்தபடியே ஏட்டில் எழுதுங்கள். அவன் பாஸ்போர்ட் அவனுடையது என்று அவன் மொழியிலே ஒரு தரம் சொல்லுங்கள். இவற்றில் எதற்கும் "சர்" பட்டம் வேண்டுவதில்லை. வேலை போகும் குற்றமும் எதிலும் இல்லை. இவையே நாம் சம்பளம் வாங்கும் வேலை.

சங்கத்தார்க்கும் ஒரு வார்த்தை. அடுத்த செப்டம்பரில் படத்துக்கு மாலை போடுங்கள், தடுப்பாரில்லை. ஆனால் பேச்சாளர் நால்வரில் ஒருவரையேனும் லயத்திலிருந்து அழையுங்கள். கேம்பிரிட்ஜைப் பற்றிச் சொல்லும் நேரத்தில் பாதியைத் துண்டைப் பற்றிச் சொல்லுங்கள். 1914-ஐச் சொல்லும் வாயால் 1919-ஐயும் சொல்லுங்கள். பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் கேள்வி கேட்டால், வந்தனோபசாரத்தைச் சற்று நிறுத்தி வையுங்கள்.

அருணாசலம் முப்பத்தெட்டு வருஷம் எண்ணிவிட்டுப் பின்னர் எழுந்தார். நாம் எண்ணிக்கொண்டே இருக்கிறோம். நாளைக் காலையிலும் பிரட்டுக்குப் போவோம், பேர் கூப்பிடுவோம், கோடு போடுவோம். அந்தக் கோட்டுக்குப் பின்னே ஒருவன் நிற்கிறான் என்பதை நாளைக்கேனும் பார்ப்போமா, அல்லது நாமும் பென்ஷன் வரட்டும் என்று காத்திருப்போமா?